கணக்கெடுப்பு ஏட்டில் ஒரு ரயில்வேத் தொழிலாளி



ரயில்வேயில் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் பெயரால் அமைந்த சொற்பொழிவு இது. ஆகவே, ரயில்வேயில் வேலை பார்த்த முன்னோரைப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வழியாகத் தேடுவது எப்படி என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டேன். எடுத்துக்காட்டுக்குப் பிரிட்டனுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ணினார்கள். ஆனால் நாடு முழுவதும் ஆள் ஆளாகப் பெயர் எழுதிய ஏடுகள் 1841 முதல்தான் கிடைக்கின்றன. அந்த ஆண்டின் ஏடு சிக்கனமானது. பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்ற குறிப்பு இல்லை. பிறந்த இடத்துக்கு இதே மாவட்டமா, இல்லையா என்ற அளவோடு சரி. 1851-இல் நிலைமை மாறியது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, சரியான வயது, தொழில், பிறந்த ஊர் ஆகிய நான்கும் ஒரே வரியில் வந்தன. லிவர்பூல் மான்செஸ்டர் பாதை 1830-இல் திறக்கப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. இருப்புப்பாதை நாடெங்கும் பரவி, கிராமத்துப் பையன்கள் போர்ட்டராகவும் இன்ஜின் துடைப்பவர்களாகவும் ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டிருந்தார்கள்.

தேடுகிறவர் முதலில் பார்ப்பது தொழில் பத்தியைத்தான். அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம் வரும். ‘இன்ஜின் டிரைவர்’ என்று இருக்கும். அவர் நிலக்கரிச் சுரங்கத்திலோ பஞ்சாலையிலோ நிலையான நீராவி இன்ஜினை ஓட்டியவராக இருக்கலாம். ‘கிளார்க்’, ‘கூலி’ என்று மொட்டையாக எழுதிய வரிகள் ஏராளம். 1911-க்கு முந்தைய ஆண்டுகளில் நமக்கு மிஞ்சியிருப்பவை வீட்டார் நிரப்பிய தாள்கள் அல்ல, கணக்கெடுப்பாளர் பெயர்த்தெழுதிய ஏடுகள். பெயர்த்தெழுதும்போது பல சொற்கள் சுருங்கிப் போயின. எந்தக் கம்பெனி என்பது பெரும்பாலும் இருக்காது. அந்தக் காலத்தில் ஒரே ஊருக்குள் இரண்டு மூன்று ரயில்வே கம்பெனிகள் போட்டி போட்டன என்பதால், கம்பெனி தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

பக்கத்துப் பத்திகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு வழி கிடைக்கும். 1871-ஆம் ஆண்டின் ஏட்டில் க்ரூ நகரத்து வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைவருக்கு நேரே ‘பிட்டர்’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. ரயில்வே என்ற பேச்சே இல்லை. கண்ணைப் பிள்ளைகள் பக்கம் திருப்புங்கள். பதின்மூன்று வயது மகனும் பத்து வயது மகளும் பிறந்தது பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள வுல்வர்ட்டன். ஆறு வயதுப் பையனும் மூன்று வயதுக் குழந்தையும் பிறந்தது க்ரூ. அப்படியானால் குடும்பம் 1860-க்கும் 1865-க்கும் நடுவில் இடம் பெயர்ந்திருக்கிறது. வுல்வர்ட்டனும் க்ரூவும் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறை ஊர்கள். 1860-களின் முன்பாதியில்தான் அந்தக் கம்பெனி இன்ஜின் வேலையை வுல்வர்ட்டனிலிருந்து க்ரூவுக்கு மாற்றி, வுல்வர்ட்டனைப் பெட்டி கட்டும் பட்டறையாக்கியது. இந்தக் குடும்பம் ஏன் புறப்பட்டது என்பது இப்போது விளங்குகிறது. நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியம் ஆகாது. ஆனாலும் எந்தக் கம்பெனியின் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்று சொல்ல இது போதும்.

அந்தப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1948-இல் ரயில்வே நாட்டுடைமையானபோது பழைய கம்பெனிகளின் தாள்களும் அரசிடம் வந்தன. பிறந்த நாள், சேர்ந்த நாள், சம்பளம், இடமாற்றம், வாங்கிய அபராதம் வரை எழுதப்பட்ட ஏடுகள் உண்டு. எல்லாருடையதும் எஞ்சவில்லை. குமாஸ்தாக்களின் ஏடுகள் பிழைத்த அளவுக்குப் பட்டறைக் கூலிகளின் ஏடுகள் பிழைக்கவில்லை. பாதையில் அடிபட்டுச் செத்தவர்கள், கை கால் இழந்தவர்கள் பற்றிய விசாரணை அறிக்கைகளைப் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகமும் யார்க் நகரத்து ரயில்வே அருங்காட்சியகமும் வார்விக் ஆவண மையமும் சேர்ந்து பெயர்வாரியாகத் தொகுத்து வருகின்றன. கேங்மேன் ஒருவரின் பெயர் வேறெங்கும் இல்லாமல் அவருடைய விபத்தில் மட்டும் பதிவாகியிருப்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

இந்தத் தேடலுக்குக் கிடைத்த பெரும் கொடை 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. வேலை கொடுப்பவர் யார், வேலையிடம் எது என்று அதில் நேராகவே கேட்டார்கள். 1923-இல் கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டன. அதற்கு முன் பழைய கம்பெனிப் பெயர்களோடு தொழிலாளர்களைக் காட்டும் கடைசிப் படம் இதுதான். நூறாண்டு மூடிவைத்து 2022 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு அடுத்தது கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931-ஆம் ஆண்டுத் தாள்கள் 1942-இல் தீயில் போயின; 1941-இல் போரின் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1856 ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. இங்கிலாந்திலிருந்து வந்த டிரைவர்களும் பிட்டர்களும் இங்கே வேலை பார்த்துத் திரும்பினார்கள். அப்படித் திரும்பிய குடும்பத்தின் வரியில் பிள்ளை பிறந்த இடம் மதராஸ் என்று இருந்தால், தகப்பன் இங்கே உழைத்த ஆண்டுகள் புலப்பட்டுவிடும். அவரோடு அதே இன்ஜினில் நின்று கரி தள்ளிய தமிழருக்கு அப்படி ஒரு வரி கிடையாது. அவரையும் எண்ணினார்கள், 1881 முதல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணினார்கள். அட்டவணை அச்சானதும் வீட்டுவாரியாகப் பெயர் எழுதிய தாள்களைக் காக்கவில்லை. எத்தனை பேர் ரயில்வேயில் இருந்தார்கள் என்று சொல்லும் அறிக்கை இருக்கிறது. யார் யார் என்பது இல்லை. இதை நான் பெரிய அநீதியாகவே கருதுகிறேன்.

ஆகவே அந்த ஏட்டை நாமே எழுத வேண்டும். பிள்ளைகள் பிறந்த ஊரை வைத்து இடமாற்றத்தைக் கணிக்கும் வழி இங்கே அப்படியே செல்லாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும் வழக்கம் நம்முடையது. பிறந்த ஊரைக் கேட்காதீர்கள்; ஒன்றாம் வகுப்பில் எந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். விழுப்புரம், மானாமதுரை, பொன்மலை என்று அண்ணன் தம்பி அக்கா தங்கைகளின் பள்ளிகளை வரிசையாக எழுதினால் தாத்தாவின் பணிக்காலம் வந்து நிற்கும். பணிப்பதிவேட்டின் நகல், ஓய்வூதிய ஆணை, பழைய பாஸ், குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய கடிதம் எதையும் எடைக்குப் போடாதீர்கள். படியெடுத்து, பெயரும் ஆண்டும் எழுதி, ஒரு படியை அருகிலுள்ள கல்லூரி நூலகத்தில் கொடுத்து வையுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் இன்னும் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்.