இரண்டாவது சர்வர் எப்போது பொறுப்பேற்பது?

கொங்கு நாட்டின் நூற்பாலைகளுக்கு 1932 முதல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. 1937-இல் மேட்டூர் மின்நிலையமும் இயங்கத் தொடங்கி, பின்னர் இரண்டும் ஒரே மின்தொகுப்பாக இணைந்தபோது, ஒன்று தளர்ந்தால் மற்றொன்று கைகொடுக்கும் வசதி இப்பகுதிக்கு வாய்த்தது. கோவையின் மருத்துவமனைகளும் பம்பு உற்பத்தியாளர்களும் திருப்பூரின் ஏற்றுமதி அலுவலகங்களும் இன்று அத்தகைய ஏற்பாட்டைத் தம் தொலைபேசிக்கும் செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரமும் வந்தது, இணையத் தொலைபேசியோ மின்சாரம், இணைய இணைப்பு, அழைப்புகளை வழிநடத்தும் சர்வர் ஆகிய மூன்றில் எது நின்றாலும் நின்றுவிடும்.

மின்சாரத்துக்கு யூபிஎஸ்சும் ஜெனரேட்டரும் உண்டு. இணைப்புக்கு இரு நிறுவனங்களின் ஃபைபர் கேபிள்கள் வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், சாலையைத் தோண்டும் ஒரே பொக்லைன் இரண்டையும் அறுத்துவிடும் என்பதால், அவை வெவ்வேறு வழிகளில் கட்டடத்துக்குள் வருகின்றனவா என்று கேட்டறிவது அவசியம்.

சர்வரின் நுட்பமே இங்கு விரிவாகக் கேட்கத் தக்கது. ஒரு சர்வர் பணியாற்ற, மற்றொன்று அதே விவரங்களுடன் காத்திருக்கும். முதலாவது செயலிழந்ததும் இரண்டாவது பொறுப்பேற்பதே 'ஃபெயில்ஓவர்'. முதல் சர்வர் தான் இயங்குவதை அறிவிக்கும் சிறு செய்தியை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். 'ஹார்ட்பீட்' எனப்படும் அச்செய்தி தொடர்ந்து வராதபோது, இரண்டுக்கும் பொதுவான ஐபி முகவரியை இரண்டாவது சர்வர் எடுத்துக்கொள்ளும்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செய்தி வரவில்லை என்பதாலேயே முதல் சர்வர் நின்றுவிட்டது என்று பொருளில்லை. இடையிலுள்ள கேபிள் மட்டும் பழுதாகியிருந்தால், இரண்டுமே தம்மைத் தலைமையாகக் கருதி, ஒரே முகவரிக்கு உரிமை கோரி, அழைப்புகளைச் சிதறடிக்கும். வல்லுநர்கள் இதனை 'ஸ்ப்ளிட் பிரெய்ன்' என்பர். ஆகவே மூன்றாவதாக ஒரு சிறு கணினியைச் சாட்சியாக நிறுத்தி, அதன் தொடர்பைப் பெற்ற சர்வர் மட்டுமே ஆளவேண்டும் என வகுப்பர். அல்லது பொறுப்பேற்குமுன் பழைய சர்வரின் மின்சாரத்தை இரண்டாவது சர்வரே துண்டிக்குமாறு அமைப்பர். இந்தப் பாதுகாப்பு இல்லாத இரட்டைச் சர்வர், ஒற்றைச் சர்வரைவிட ஆபத்தானதாகிவிடலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 டிசம்பர் 12-இல் கரையைக் கடந்த வர்தா புயலிலும் சென்னையின் தொலைத்தொடர்பு பாதிக்கப்பட்டதால், இரு சர்வர்களையும் ஒரே நகரில் வைப்பது போதாது. ஒன்று கோவையிலும் மற்றொன்று வெளியூரிலும் இருப்பது நன்று. அப்போது முகவரிகள் வேறுபடும் என்பதால், ஒவ்வொரு தொலைபேசியிலும் இரு முகவரிகளையும் பதிந்து, அது சர்வரில் தன் இருப்பைப் புதுப்பிக்கும் இடைவெளியையும் குறைக்க வேண்டும்; அந்த இடைவெளி ஒரு மணி நேரமாக இருந்தால், அவ்வளவு நேரம் உள்வரும் அழைப்புகள் வந்துசேராமல் போகலாம். நடந்துகொண்டிருக்கும் உரையாடலில் குரல் சர்வர் வழியாகச் சென்றால் அது பெரும்பாலும் அறுபடும். இரு தொலைபேசிகளுக்கிடையே நேரடியாகச் சென்றால் தொடரக்கூடும்.

நேரம் நெருங்கிவிட்டது. இத்தகைய அமைப்பை வைத்திருக்கும் நேயர்கள், வரும் ஞாயிற்றுக்கிழமையன்று ஊழியர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, முதல் சர்வரின் கேபிளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து கைபேசியில் தம் அலுவலக எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.