உப்புத்தாளும் உலோகத்தின் உண்மையும்

வீட்டுக் கதவுக்கு வண்ணம் பூச வருகிற தொழிலாளி முதலிற் கையிலெடுப்பது தூரிகையை அன்று, உப்புத்தாளைத்தான். பழைய பூச்சைச் சுரண்டி, மரத்தை வழவழப்பாக்கிய பின்னரே அவர் வண்ணக் குவளையைத் திறப்பார். அந்தத் தாளை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு நெருங்கிய உறவான தாள்கள் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களிலும் நாள்தோறும் பயன்படுகின்றன. அவற்றைச் சரியாகத் தேர்ந்தெடுத்துச் சரியாகக் கையாளுவதைப் பொறுத்தே சில வேளைகளில் ஒரு தொழிலாளியின் நற்பெயர்கூட நிற்கவோ வீழவோ கூடும். அந்தத் தாள்களைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

ஓர் எஃகுத் துண்டை எடுத்துக்கொள்வோம். வெறுங்கண்ணுக்கு அது முழுதும் ஒரே சீரான பொருளாகத் தோன்றும். உண்மையில் அது எண்ணற்ற நுண்ணிய படிக மணிகளால் ஆனது. அம் மணிகளின் அளவும் அமைப்புமே அந்த எஃகு வளையுமா, முறியுமா, தேயுமா என்பதை முடிவு செய்கின்றன. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் வாழ்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்பவர் 1863, 1864-ஆம் ஆண்டுகளில் இதனைக் கண்டு காட்டினார். அதற்கு முன் பாறைகளைத் தேய்த்து ஆராய்ந்து வந்தவர் அவர். அதே பொறுமையோடு இரும்பையும் எஃகையும் தேய்த்து, மெருகேற்றி, நீர்த்த அமிலத்தால் இலேசாக அரிக்கச் செய்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். எஃகின் ஒரு பகுதி முத்துச்சிப்பியின் உட்புறத்தைப் போல மின்னிற்று. முத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அப் பகுதிக்குப் பெர்லைட் என்னும் பெயர் பின்னாளில் நிலைத்துவிட்டது.

இவ்வாறு காண்பதற்கு உலோகத்தின் முகம் கண்ணாடி போல் தட்டையாகவும் கீறலின்றியும் இருத்தல் வேண்டும். ஆனால், முகம் பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது. உழவன் ஏரோட்டும்போது கொழு மண்ணைக் கிழித்துச் சால் உண்டாக்குவதோடு நிற்பதில்லை. சாலுக்கு அடியிலுள்ள மண்ணையும் அழுத்தி இறுக்கிவிடுகிறது. உலோகத்தின்மேல் விழும் கீறலும் அத்தகையதே. கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ள பள்ளம். அதற்கு அடியிலும் படிகங்கள் நசுங்கி, முறுக்குண்டு கிடக்கின்றன. பள்ளத்தை மட்டும் அகற்றிவிட்டு நசுங்கிய படையை விட்டுவிட்டால், நாம் காண்பது உலோகத்தின் இயல்பான அமைப்பு அன்று. நம் கை அதற்கு இழைத்த கேட்டைத்தான்.

நான் ஆய்வுக்கூடத்தில் பணியிற் சேர்ந்த முதலாண்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று, கை இழைக்கும் கேடு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை எனக்குக் கற்பித்தது. ஒரு தொழிற்சாலையிலிருந்து பல் முறிந்த பற்சக்கரம் ஒன்று வந்திருந்தது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கிய எஃகு அது. இவ்வாறு கடினமாக்குவதைக் கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்கள். பல் முறிந்தது தோய்ச்சற் குறையாலா, வேறு காரணத்தாலா என்பதே எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. மேற்பார்வையாளரோடு, உலையைக் கவனித்து வந்த முதியவரும் வந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால், குறை தோய்ச்சலில் என்று முடிவானால் அவருடைய வேலை போய்விடும் என்பதை மேற்பார்வையாளரின் பேச்சே உணர்த்திற்று.

நான் விரைந்து முடிக்க விரும்பினேன். வெட்டியெடுத்த துண்டை, சுழலும் தேய்ப்புப் பட்டையின்மீது நீர் விடாமல் அழுத்திப் பிடித்தேன். துண்டு சுட்டது, நீலம் பாய்ந்தது. அதைப் பொருட்படுத்தாமல் அடுத்தடுத்த தாள்களில் தேய்த்தேன். முகத்தின் நீலம் மறைந்து பளபளப்பு வந்தது. அமிலமிட்டுப் பார்த்தபோது, நன்கு கடினமான எஃகுக்குரிய ஊசி போன்ற அமைப்புக்கு மாறாக, கறுத்து இளகிய எஃகின் தோற்றமே தென்பட்டது. ‘தோய்ச்சல் சரியில்லை’ என்று எழுதி எங்கள் மூத்த ஆய்வாளரிடம் நீட்டினேன்.

அவர் அறிக்கையைப் படிக்கவில்லை. துண்டைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் நீலம் இன்னும் இருந்தது. “தம்பி, இந்த நீலம் உலையில் வந்ததா, உம்முடைய கையில் வந்ததா?” என்று கேட்டார். எனக்கு விடை கூற நா எழவில்லை.

கடினமாக்கிய எஃகு 200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே இளகத் தொடங்கிவிடும். நீலம் பாய்வது ஏறத்தாழ 300 பாகையில். நான் தேய்த்து நீக்கியது நிறத்தை மட்டுமே. வெப்பத்தால் கெட்ட படை அப்படியே அடியில் இருந்தது. மறுநாள் பற்சக்கரத்தின் வேறொரு பகுதியிலிருந்து நீர் விட்டுத் துண்டு வெட்டி, நீர் விட்டே ஒவ்வொரு தாளாகத் தேய்த்தேன். மார்ட்டென்சைட் எனப்படும் ஊசியமைப்பு குறையின்றித் தெளிவாகத் தெரிந்தது. முறிவு தொடங்கிய இடமோ, பல்லின் அடியில் கடைசல் உளி விட்டுச் சென்ற ஆழமான ஒரு வடு. அறிக்கை மாறிற்று, முதியவரின் வேலை நிலைத்தது. என் முதல் அறிக்கை மட்டும் அந்த அறையை விட்டு வெளியே சென்றிருக்குமானால்! அதை எண்ணி நான் இன்றும் கலங்குவதுண்டு.

இனி, தாள்களின் இயல்பைக் காண்போம். தாளின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் கூரிய துகள்களே தேய்க்கும் வேலையைச் செய்கின்றன. பழங்காலந்தொட்டுப் பயன்பட்டு வந்தது எமரி என்னும் கருங்கல். கிரேக்க நாட்டின் நாக்சாஸ் தீவு அதற்குப் பெயர் பெற்றது. எமரியின் வலிமைக்குக் காரணம் அதிற் கலந்துள்ள குருந்தக் கல். ஆங்கிலத்தில் இக் கல்லுக்கு வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து சென்றதேயாகும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறைகளிலும் அது காணப்படுகிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்திய மோஸ் அளவையில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது சிலிக்கன் கார்பைடு. அமெரிக்கரான எட்வர்டு அச்செசன் 1891-இல் மின்னுலையில் இதனை உண்டாக்கிக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். இதன் துகள் கூர்மை மிக்கது. உடையும்போதும் புதிய கூர்முனையையே காட்டுவது. நீரில் நனைந்தாலும் கெடாத சிலிக்கன் கார்பைடுத் தாள் 1921-இல் அமெரிக்காவில் உருவாயிற்று. நீர் விட்டுத் தேய்க்கும் முறை எளிதானது அதன் பயனால்தான்.

தாளின் பின்புறத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். எண் கூடக்கூடத் துகள் சிறுக்கும். ஆனால் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. அதற்கு முன் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அவ்வெழுத்துள்ளது ஐரோப்பிய அளவை. அஃதில்லாதது பெரும்பாலும் அமெரிக்க அளவை. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்கிறோம். ஐரோப்பிய அளவையில் 240 எண் தாளின் துகள் ஏறத்தாழ 58 மைக்ரான், 400-க்கு 35, 600-க்கு 26, 1200-க்கு 15. அமெரிக்க அளவையில் 600 என்பதோ 16 மைக்ரானை ஒட்டியது. அதாவது, அமெரிக்க 600-ம் ஐரோப்பிய 1200-ம் ஏறக்குறைய ஒன்றே. இதை அறியாமல் இரு வகைத் தாள்களையும் கலந்து அடுக்கினால் வரிசை குழம்பிவிடும். பழைய எமரித் தாள்களில் வேறொரு முறை உண்டு. அவற்றில் சுழிகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தாள் நயமாகும். நான்கு சுழி இட்டதே மிக நயமானது.

எந்தத் தாளில் தொடங்குவது? துண்டை வெட்டியதால் உண்டான கேட்டை நியாயமான நேரத்துக்குள் நீக்கக்கூடிய தாள்களுள் மிக நயமானதில் தொடங்குக என்பதே விதி. இரம்பத்தால் அறுத்த துண்டானால் 120 போன்ற கரடான தாள் வேண்டும். நீர் பாய்ச்சி மெல்லிய வெட்டுச் சக்கரத்தால் வெட்டியதானால் 240 போதும். தேவைக்கு மேல் கரடான தாளில் தொடங்குகிறவர், இல்லாத புண்ணை உண்டாக்கிப் பின் அதற்கு மருந்து தேடுகிறவர் ஆவார். அடுத்து 320, 400, 600, 1200 என ஏறுவது வழக்கம். இடையே படிகளைத் தாண்டினால், நயமான தாள் தன் வலிமைக்கு மீறிய ஆழமான கீறல்களோடு போராட நேரும்.

தேய்க்கும் முறையும் எளிதே. கையாற் செய்பவர்கள் தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் தாளை விரித்து நீர் ஓட விடுவார்கள். நீர் துண்டைக் குளிர்விக்கிறது. தேய்ந்த பொடியையும் அடித்துச் செல்கிறது. ஒரு தாளில் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அடுத்த தாளுக்குச் செல்லும்போது துண்டைக் கால் வட்டம் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்போது பழைய கீறல்கள் குறுக்காகக் கிடந்து தம்மைத் தாமே காட்டிக் கொடுக்கும். அவை முற்றும் மறைந்தபின்னும் நிறுத்தலாகாது. அவற்றை மறைக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அவ்வளவு நேரம் மேலும் தேய்க்க வேண்டும். அந்த இரண்டாவது பகுதியில்தான் அடியில் நசுங்கிய படை நீங்குகிறது. கீறல் மறைந்ததும் கையை எடுத்துவிடுவதே தொடக்கநிலை மாணவர் செய்யும் பெரும்பிழை. தாள் மாறும்போது துண்டையும் கையையும் நன்கு கழுவுவதும் இன்றியமையாதது. கரடான தாளின் துகள் ஒன்று நயமான தாளுக்கு வந்துவிட்டால், அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும்.

தேய்ந்த தாளைப் பற்றி ஒரு சொல். ஆஸ்திரேலிய நாட்டு அறிஞர் லென்னர்ட் சாமுவேல்ஸ் 1950-களிலும் 1960-களிலும் தம் உழைப்பால் ஓர் உண்மையை விளக்கினார். தாளிலுள்ள துகள்களுள் சிறுபான்மையே உலோகத்தைச் செதுக்கி எடுக்கின்றன. எஞ்சியவை உழுது ஒதுக்குகின்றன. தாள் தேயத் தேயச் செதுக்கும் துகள் குறைந்து, உழும் துகளே மிகுகிறது. கடினமான உலோகங்களில் சிலிக்கன் கார்பைடுத் தாளின் கூர்மை ஓரிரு நிமிடங்களிலேயே மழுங்கிவிடும். அதன்பின்னும் அதையே பயன்படுத்துவது சிக்கனம் போலத் தோன்றும். உண்மையில் அது வெப்பத்தையும் நசுங்கலையும் விலை கொடுத்து வாங்குவதாகும்.

உலோகத்தின் இயல்புக்கு ஏற்பவும் நம் கை மாற வேண்டும். ஈயம், அலுமினியம் போன்ற மென்மையானவற்றில் துகள்கள் உடைந்து பதிந்துவிடும். நுண்ணோக்கியில் அவற்றைக் காண்பவர் உலோகத்திற் கலந்த மாசு என்று மயங்கக்கூடும். தாளின்மேல் சிறிது மெழுகைத் தேய்த்துக்கொண்டால் இது குறையும். வார்ப்பிரும்பிலோ கரிப் படலங்கள் பெயர்ந்து விழுந்து, வார்ப்பில் இல்லாத பொத்தல்கள் இருப்பதாகத் தோன்றும். மெல்லிய உலோகம் வழிந்து, உள்ள பொத்தல்களை மூடிவிடுவதும் உண்டு. இல்லாத குற்றத்தைச் சுமத்துவதும், இருக்கும் குற்றத்தை மறைப்பதும் ஆகிய இரண்டு தீங்குகளும் கூர்மையற்ற தாளாலும் பொறுமையற்ற கையாலும் விளைகின்றன.

இன்று தானே இயங்கும் தேய்ப்புப் பொறிகளும், வைரத்துகள் பதித்த வட்டத் தகடுகளும் பல கூடங்களில் வந்துவிட்டன. அழுத்தத்தையும் நேரத்தையும் அவை ஒரே சீராகக் காக்கின்றன. எனினும் தாளின் காலம் முடிந்துவிடவில்லை. அடிப்படை விதியும் மாறவில்லை. ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படியின் கேட்டை முழுதும் நீக்க வேண்டும். தான் விட்டுச் செல்லும் கேடு அதனினும் சிறிதாக இருத்தல் வேண்டும்.

உலோகத்துக்கு வாயில்லை. முறிந்த அச்சும் வெடித்த குழாயும் தமக்கு நேர்ந்ததைத் தாமே சொல்லமாட்டா. அவற்றின் சார்பாகப் பேசுகிறவர் ஆய்வாளர். அவர் பேச்சைக் கேட்டு அஞ்சியோ நம்பியோ காத்திருக்கும் ஒரு தொழிலாளி எங்கோ இருப்பார். ஆகவே, மழுங்கிய ஒரு தாளை உரிய நேரத்தில் எறிந்துவிட்டுப் புதிய தாளை எடுப்பதும் நீதி செய்வதன் ஒரு பகுதியே என்று நான் கருதுகிறேன்.