ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து



மாத்திரை என்னும் சொல் தமிழில் முதற்கண் அளவையே குறித்தது. எழுத்தொலி நிற்கும் காலத்தைக் கண்ணிமைப் பொழுதாலும் கைந்நொடிப் பொழுதாலும் அளந்த தொல்காப்பியர், அவ்வளவை மாத்திரை என்றே வழங்கினார். அளவிட்டு உருட்டிய மருந்தும் அப்பெயரே பெற்றது. ஆயின் இன்று நீரிழிவு நோயர் பலரிடம், அவர் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்குள் எத்தனை மருந்துகள் உள்ளன, எது எவ்வளவு உள்ளது என்று வினவினால், "வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்னும் விடையே வருகின்றது. அளவைக் குறித்த சொல்லிலிருந்து அளவு போய்விட்டது. நிறம் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று, இந்தியாவில் நீரிழிவுற்றோர் தொகையை ஏறத்தாழ 10 கோடியே 10 இலக்கம் எனக் கணித்தது. அவருள் மிகப் பெரும்பாலார்க்கு வந்திருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. அதில் இன்சுலின் என்னும் கணையச் சுரப்புக்கு உடல் இணங்க மறுக்கின்றது. நாளடைவில் அச்சுரப்பும் குறைகின்றது. ஆகலின், தொடக்கத்தில் போதியதாயிருந்த ஒரு மருந்து சில ஆண்டுகளில் போதாமற் போகின்றது. பிரித்தானியாவில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த பேராய்வு இதனை ஐயமற நிறுவியது. ஒற்றை மருந்தால் குருதிச் சருக்கரையைக் குறித்த எல்லைக்குள் வைத்திருக்க முடிந்தவர் மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழப் பாதிப்பேர். ஒன்பதாம் ஆண்டிலோ நான்கில் ஒரு பங்கினர். இரண்டாம் மருந்து சேர்வது நோயரின் குற்றமும் அன்று, எப்போதும் மருத்துவரின் பேராசையும் அன்று. நோயின் இயல்பே அது. கூட்டு மருந்து வேண்டுமா என்பதன்று வினா. கூட்டினுள் இருப்பது எது என்பதே வினா.

பெரும்பாலான கூட்டுகளில் அடிப்படையாக நிற்பது மெட்பார்மின். கல்லீரல் அளவுமீறிச் சருக்கரையை விடுப்பதை இது தடுக்கின்றது. தனித்து உண்டால் குருதிச் சருக்கரையை மிகத் தாழ்த்துவது அரிது. உணவோடு உண்ணாதார்க்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும். நெடுங்காலம் உண்போர்க்குப் பி12 உயிர்ச்சத்துக் குறையலாம். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் அளவே பெரும்பாலார்க்கு மேல்வரம்பு. சிறுநீரகத்தின் வடிதிறன் 45-க்குக் கீழ் இறங்கினால் அளவைக் குறைக்க வேண்டும். 30-க்குக் கீழ் இறங்கினால் மருந்தையே நிறுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரக ஆய்வு செய்யாமல் மெட்பார்மினை விழுங்கிக்கொண்டிருப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பது போன்றதே.

இனி, மிகுந்த கருத்தோடு அறிய வேண்டிய இனத்திற்கு வருவோம். 1942-இல் பிரான்சு நாட்டு மொன்பெலியே நகரில், மார்செல் யான்பான் என்னும் மருத்துவர் குடற்காய்ச்சலுக்கு ஒரு கந்தக மருந்தைக் கொடுத்து ஆய்ந்தார். அதனை உண்டவருட் சிலர்க்குக் குருதிச் சருக்கரை இடர்தரும் அளவிற்குத் தாழ்ந்தது. அந்த இடரிலிருந்து பிறந்தவையே கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, கிளிக்கிளசைடு, கிளிமெபிரைடு முதலிய சல்போனில்யூரியா இன மருந்துகள். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. ஒருவர் உண்டாரா, உண்ணவில்லையா என்று இவை பாரா. உணவு தவறினும், உண்ணாநோன்பு இருப்பினும், வெறும் வயிற்றில் குடித்தாலும் இவற்றின் வேலை நடந்துகொண்டே இருக்கும். பிறந்த வழியிலேயே அவற்றின் இடரும் இருக்கின்றது. முதியோர்க்கும் சிறுநீரகம் தளர்ந்தோர்க்கும் கிளிபென்கிளமைடு நெடுநேரம் உடலில் தங்குவதால் அதனைத் தவிர்த்தலே நலம்.

குருதிச் சருக்கரை 70-க்குக் கீழ்த் தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, தடுமாற்றம் ஆகியன தோன்றும். குருதியழுத்தத்திற்கென மெட்டோபிரலால் போன்ற மருந்தை உண்போர்க்குப் படபடப்பு மறைந்துபோகலாம், வியர்வை மறையாது. உடனே 15 கிராம் சருக்கரை கொடுத்து, 15 மணித்துளி கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும் என்பது பொதுநெறி. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தெளிந்தவரும் உடனே உணவுண்ண வேண்டும். இவ்வின மருந்தின் விளைவு நீடிப்பதால் சில மணிநேரம் கழித்துச் சருக்கரை மீண்டும் தாழக்கூடும்; ஆகவே அவரைத் தனியே விடலாகாது.

இப்பொதுநெறியே பொய்த்துப்போகும் இடம் ஒன்றுண்டு. அதனைப் பலர் அறியார். இந்நாட்டில் மிகுதியாக விற்கும் மும்மருந்துக் கூட்டுகளுள் ஒன்று கிளிமெபிரைடு, மெட்பார்மின், வோக்லிபோசு ஆகிய மூன்றும் சேர்ந்தது. வோக்லிபோசு என்பது சோற்று மாவையும் சருக்கரையையும் சிறுகுடல் உடைத்து உறிஞ்சுவதைத் தாமதப்படுத்தும் மருந்து. இக்கூட்டை உண்டவர்க்குக் கிளிமெபிரைடால் சருக்கரை தாழ்கின்றது எனக் கொள்வோம். வீட்டார் பதைத்துச் சருக்கரையைக் கரைத்துக் கொடுக்கின்றனர், இனிப்பை ஊட்டுகின்றனர். அந்தச் சருக்கரையை உடைக்க வேண்டிய குடலையோ, அதே மாத்திரையிலுள்ள மற்றொரு மருந்து தடுத்து வைத்திருக்கின்றது! நோயையும் அதன் மாற்றையும் ஒரே மாத்திரை கையாளும் விந்தை இது. இவர்க்குக் கொடுக்க வேண்டியது உடைக்கத் தேவையற்ற குளூக்கோசு மாவே. மூன்று தேக்கரண்டி, நீரில் கலந்து. அம்மாவு வீட்டில் இருக்க வேண்டுமா என்பது, மாத்திரைக்குள் வோக்லிபோசோ அக்கார்போசோ இருக்கின்றதா என்று அறிந்தவர்க்கே தெரியும்.

அடுத்த தீங்கு இரட்டிப்பு. தமிழ்நாட்டில் 2021 ஆகத்துத் திங்களில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் நீரிழிவு மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகின்றது. நற்செயல், ஐயமில்லை. ஆனால் அதே முதியவர், நகரத்திலுள்ள மகனின் வற்புறுத்தலால் தனியார் மருத்துவரிடமும் செல்கின்றார். அங்கே கூட்டு மாத்திரை தரப்படுகின்றது. வீட்டிற்கு வந்த மெட்பார்மினும் கூட்டிலுள்ள மெட்பார்மினும் ஒன்றே என்று அவர்க்கு யார் சொன்னார்? ஒன்றில் கிளிபிசைடும் மற்றொன்றில் கிளிமெபிரைடும் இருப்பின், பெயர் வேறாயினும் இனம் ஒன்று, இரண்டையும் சேர்த்துண்ணலாகாது. சிற்றாகிளிப்டினும் வில்டாகிளிப்டினும் அவ்வாறே. சிறுகுறிஞ்சானும் வெந்தயமும் பாகற்சாறும் உண்போர் அதனையும் மருத்துவரிடம் மறையாது சொல்ல வேண்டும். நம் மருந்து என்பதால் அது கணக்கில் சேராது என்று எண்ணுவது பற்றன்று, பேதைமை.

டாபாகிளிப்ளோசின் போன்றவை சருக்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. நெஞ்சாங்குலைக்கும் சிறுநீரகத்திற்கும் இவற்றால் நன்மையுண்டு. ஆயினும் கடுங்காய்ச்சல், கக்கல், வயிற்றுப்போக்குக் காலத்திலும், அறுவைக்கு மூன்று நாள் முன்னரும் இவற்றை நிறுத்துமாறு மருத்துவர் கூறுவர்; இல்லையேல் சருக்கரை மிக உயராமலே குருதி புளித்துப்போகும் நிலை நேரலாம். உணவும் நீரும் உள்ளிறங்காத நாளில் மெட்பார்மினும் அத்தகையதே. எதனை நிறுத்துவது, எதனைத் தொடர்வது என்பதை நலமாயிருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தனித்தனி மாத்திரையாயின் ஒன்றை நிறுத்தலாம். கூட்டாயின் எல்லாம் ஒருங்கே நிற்கும். எளிமைக்குக் கொடுக்கும் விலை இது.

2018-இல் நடுவண் அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தபோது அவற்றுள் நீரிழிவுக் கூட்டுகளும் சில இருந்தன. அதே ஆண்டில் வந்த வேறொரு நெறி, மருந்தின் உட்பெயரை வணிகப் பெயரினும் பெரிதாக அச்சிட வேண்டும் என்றது. ஆனால் மூன்றும் அதற்கு மேலும் மருந்து சேர்ந்த கூட்டுகளுக்கு விலக்களித்தது! எங்கே படித்தறிய வேண்டிய தேவை மிகுதியோ, அங்கே எழுத்துச் சிறுத்திருக்கலாம் என்று பொருள். அச்சிறிய எழுத்தும் ஆங்கில எழுத்து. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஓர் அம்மையார்க்குத் தம் உடலுக்குள் செல்வது எதுவென்று அறியும் வாயில் அங்கேயே அடைக்கப்படுகின்றது. மருந்துக் கடைக்காரர் இருப்பில் உள்ள வேறொரு நிறுவனத்தின் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, "இரண்டும் ஒன்றுதான்" என்று சொன்னால் அவர் நம்புவதன்றி வேறென் செய்வார்? பெயரின் பின்னுள்ள எண் ஒரு நிறுவனத்தில் ஒன்றைக் குறிக்கும். மற்றொன்றில் வேறொன்றைக் குறிக்கும்.

அரசும் நிறுவனங்களும் தமிழில் அச்சிடும்வரை காத்திருக்க நோய் இசையாது. படித்த பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இன்றிரவே செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாத்திரை அட்டையைத் திருப்பி, உட்பெயர்களையும் அளவுகளையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டிச் சரிபார்த்துப் பெரியவரின் சட்டைப்பையில் வைத்தல் வேண்டும். "கிளிமெபிரைடு 1 மி.கி., மெட்பார்மின் 500 மி.கி., வோக்லிபோசு 0.2 மி.கி. காலை உணவோடு. உணவில்லையேல் மாத்திரை இல்லை. குருதிச் சருக்கரை தாழ்ந்து நினைவோடிருந்தால் குளூக்கோசு மாவு, சருக்கரை அன்று. மெல்லக் கரையும் மாத்திரை. உடைக்கவோ பொடிக்கவோ கூடாது." மருத்துவர் மாற்றும்போதெல்லாம் பழைய தாளைக் கிழித்துப் புதிய தாள் எழுத வேண்டும்.