ஒரு மரத்து விதை காடாகாது



சிவகாசியில் நின்றுகொண்டு பட்டாசைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? ஒரு பெட்டிக் கம்பி மத்தாப்பை எடுங்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே மருந்து, ஒரே நேரம் எரிய வேண்டும். ஒன்று மாறினாலும் ஃபோர்மேன் ஒதுக்கிவிடுவார். ஆலையில் ஒன்றுபோல் இருப்பதுதான் தரம். காட்டிலோ அதுதான் ஆபத்து. இதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

ஆற்றோரத்திலும் கண்மாய்க் கரையிலும் நாணல் வளர்கிறது. அதை யார் மதிக்கிறோம்? 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, பார்பர், வெங்கட்ராமன் என்ற ஆய்வாளர்கள் அதை மதித்தார்கள். சாறு நிறைந்த தடித்த கரும்போடு அந்த ஊர் நாணலை இணைத்தார்கள். பிறந்தது கோ 205 என்ற கரும்பு ரகம்; 1918-இல் பஞ்சாப் வயலுக்குப் போனது. இனிப்பைக் கரும்பு கொடுத்தது. தாங்கும் வலிமையை நாணல் கொடுத்தது. 1930-களில் அதே நிலையத்தில் ஜானகி அம்மாள் என்ற தாவரவியலாளர் நாணலில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை ஆராய்ந்தார். மனிதர் என்றால் பொதுவாக 46 குரோமோசோம். நாணலுக்கு? இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை! பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு.

இந்த வேறுபாட்டால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1970-களில் ஆசிய நெல் வயல்களைப் புகையான் பூச்சி பரப்பிய ஒரு வைரஸ் நோய் குட்டையாக்கிப் பாழாக்கியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. எதிர்த்து நின்றது உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரு காட்டு நெல். அந்த மாதிரியிலும் எல்லாச் செடிகளும் தாங்கவில்லை. சில செடிகள் மட்டுமே தாங்கின. அந்தச் சிலவற்றின் மரபணுதான் ஐ.ஆர். 36 போன்ற ரகங்கள் வழியாகக் கோடிக்கணக்கானோரின் சோற்றைக் காத்தது. அந்தக் காட்டு நெல் நின்ற இடத்தை யாராவது மட்டப்படுத்தி மனை போட்டிருந்தால்?

இனி நம் மண்ணுக்கு வருவோம். குடை விரித்தாற்போல் நிற்குமே உடைமரம், அது தென் மாவட்டங்களின் சொந்த மரம். இன்று அதன் இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்திருக்கிறது. ஆடும் மாடும் சீமைக்கருவேலங்காயைத் தின்கின்றன. விதை சாணத்தோடு பழுதில்லாமல் வெளியே வந்து போன இடமெல்லாம் முளைக்கிறது. நூறு உடைமரம் நின்ற இடத்தில் வெட்டியது போகப் பத்து நின்றால் என்ன ஆகும்? எண்ணிக்கையில் மட்டுமா குறைவு? தொண்ணூறோடு போன மரபணுக்கள் திரும்பி வராது. எது தங்கியது, எது போனது என்பதைத் தகுதி தீர்மானிக்கவில்லை. வெட்டியவன் கோடரி எந்தப் பக்கம் விழுந்தது என்பது தீர்மானித்தது. மிஞ்சிய பத்தும் தமக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டால், சில தலைமுறைகளில் எல்லாம் நெருங்கிய உறவாகிவிடும். சொந்தத்திலேயே திரும்பத் திரும்பப் பெண் எடுத்தால் வரும் கேடு மரத்துக்கும் உண்டு.

இன்னொன்று. சுவீடனில் டூரஸன் என்ற ஆய்வாளர், கடற்கரையிலும் உள்நாட்டிலும் வளர்ந்த ஒரே இனச் செடிகளை ஒரே தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார். மண் ஒன்றான பிறகும் வேறுபாடு மறையவில்லை. பிறந்த இடத்தின் பாடம் செடியின் உடம்பிலேயே பதிந்திருக்கிறது என்று 1922-இல் எழுதினார். நம் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் ஒரு மண். சாத்தூர் கரிசல் வேறு மண். மழையும் வேறு. அங்கே பழகிய செடியும் இங்கே பழகிய செடியும் ஒன்றென்று நினைக்கலாமா?

மலையில் இருப்பதைக் காக்க 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் வந்தது. நல்லது. கண்மாய்க் கரைக்கும் ஓடைக்கும் தரிசுக்கும் காவல் யார்? நாம்தான்.

இளைஞர்களே, ஆண்டுதோறும் பனை விதை ஊன்றுகிறீர்கள். உங்களை வணங்குகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். ஒரே தோப்பில், ஒரே மரத்தடியில் மூட்டை கட்டாதீர்கள். ஒரு பனையின் குலை முழுக்க ஒரே தாயின் பிள்ளைகள். அருகருகே உள்ள ஊர்களுக்குப் போய், தள்ளித் தள்ளி நிற்கும் இருபது முப்பது மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், கலந்து ஊன்றுங்கள். நாற்றங்கால் வைத்திருப்பவர்களும் வேம்புக்கும் உடைமரத்துக்கும் இதையே செய்யுங்கள். கண்மாயைத் தூர்வாரும்போது கரைச் செடியை ஒரேயடியாக வழித்தெடுக்காமல், ஒரு பகுதியை விட்டுவையுங்கள்.

எத்தனை கன்று நட்டோம் என்று கணக்குச் சொல்கிறோம். எத்தனை தாய்மரத்து விதை என்றும் இனிமேல் கணக்குச் சொல்வோம்.