யூபிக் மக்களும் அவர்தம் மொழியும்



கல்விக்கென அமைந்த நம் சங்கத்தின் வெள்ளி விழாவில், உலகின் மறுகோடியில் வாழும் ஒரு மக்களைப் பற்றிப் பேச நாம் எடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தால் இழந்ததையும், அதே பள்ளிக்கூடத்துக்காக வழக்காடிப் பெற்றதையும் ஒருங்கே அறிந்தவர்கள் அவர்கள்.

அலாஸ்காவின் தென்மேற்கில், யூக்கான், குஸ்கோக்விம் என்னும் இரு பேராறுகள் கடலோடு கலக்கும் தாழ்நிலமே யூபிக் மக்களின் தாயகம். ஆற்றில் சால்மன் மீனும் கடலில் சீல் வேட்டையும் அவர்களுக்கு உணவளிப்பவை. 'யூக்' என்றால் மனிதன். 'யூபிக்' என்றால் உண்மையான மனிதன். இருபதைக் குறிக்கும் 'யுயினாக்' என்னும் சொல்லும் அவ்வடியிலிருந்தே பிறந்தது. கைவிரல் பத்தும் கால்விரல் பத்தும் எண்ணி முடிந்தால் ஒரு முழு மனிதன் அன்றோ! நம் தமிழைப் போலவே சொல்லின் பின் உருபுகளை அடுக்கும் மொழி அது. ஆயின் நம்மையும் விஞ்சி நிற்பது. "அவன் ஒரு படகும் செய்வான் போலும்" என்பதனை அவர்கள் ஒரே சொல்லில் கூறி முடிப்பர்.

1867இல் ருஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிற்கு விற்றது. அம்மண்ணின் மக்களை ஒருவரும் கேட்டாரில்லை. பின்னர் வந்த ஆங்கிலப் பள்ளிகளில், வீட்டு மொழியைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அம்மொழி அறிவுக்கு உதவாது என்றனர். அது பொய் என்பதற்கு உயாக்குக் என்பவரே சான்று. எழுதப் படிக்க அறியாத அவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் மொழிக்கு முதலில் சித்திர எழுத்தும், பின் அசை எழுத்தும் தாமே படைத்தார். சில ஆண்டுகளில் ஒரு தனிமனிதர் செய்த செயல் இது! 1924இல் மறைந்தார்.

இளைஞர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி மற்றொன்று. சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளி இல்லாமையால், பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து நெடுந்தொலைவிலுள்ள விடுதிகளுக்குச் செல்ல நேர்ந்தது. இதனை எதிர்த்து 1972இல் தொடுக்கப்பட்ட வழக்கு, மாலி ஹூட்ச் என்னும் யூபிக் மாணவியின் பெயரால் அறியப்படுகிறது. 1975இல் அலாஸ்காவின் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய முதன்மைக் கோரிக்கையை ஏற்கவில்லை. அவர்கள் சோர்ந்து விடவில்லை. 1976இல் அரசே உடன்பாட்டிற்கு வந்தது. 126 சிற்றூர்கள் பள்ளி பெறும் உரிமை எய்தின.

பள்ளி ஊருக்குள் வந்தது; ஆயினும் ஆங்கிலமும் உடன் வந்தது என்பதை நாம் மறைப்பதற்கில்லை. இன்று அம்மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 10,000 பேர். அதனால்தான் பெத்தல் நகரில் 1995இல் யூபிக் வழியிலேயே கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினர். 2014இல் அலாஸ்கா மாநிலம் யூபிக் உள்ளிட்ட 20 பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழிகளாக அறிவித்தது. அதே ஆண்டில் யூபிக் வாக்காளர்கள் நீதிமன்றம் ஏறி, தேர்தல் செய்திகளைத் தங்களுக்கு விளங்கும் மொழியில் அளிக்க அம்மாநிலம் தவறிவிட்டது என்று தீர்ப்பும் பெற்றனர்.