உடைந்த வளையலில் ஒரு தோரணம்



நான் பத்தாவது வரைதான் படிச்சவள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போய்க்கிட்டிருந்தேன். ஆர்டர் இல்லாமல் வேலை நின்ற மாசம், குழுக்கடன் தவணை 1,100 ரூபாய் கட்ட வழியில்லை. அப்போதுதான் எங்க அம்மிச்சி செய்த வளையல் தோரணம் ஞாபகம் வந்தது.

உடைஞ்ச கண்ணாடி வளையல் துண்டை மெழுகுவத்தித் தீயில் காட்டினால் இளகும். உடனே இடுக்கியால் வளைச்சு அடுத்த துண்டில் கோர்த்திடணும். சங்கிலி மாதிரி நீளும். உத்தரப்பிரதேசத்து பிரோசாபாத்தில்தான் இந்த வளையல்கள் அதிகம் செய்யுறாங்க. அங்கேயும் வளையல் முனையைத் தீயில் ஒட்டுற வேலையை நிறைய பெண்கள் வீட்டிலேயே செய்யுறாங்களாம். கடையில் பார்க்கிற வண்ணக் கண்ணாடிச் சிற்பத்துக்கு சுமார் 800 டிகிரி சூளை வேணும். அது நமக்குக் கட்டுப்படியாகாதுங்க.

முதல் தோரணத்தை அவசரத்தில் ஈரத்துணி மேல வெச்சுட்டேன். பட்டுனு தெறிச்சு ஒரு சில்லு புருவத்தைக் கிழிச்சிருச்சு. கண்ணு தப்பிச்சது. இப்போ கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிறேன், வெதுவெதுப்பான சாம்பலில் வெச்சு மெதுவா ஆறவிடுறேன்.

கண்காட்சியில் 150 ரூபாய் வீதம் 9 வித்துச்சு. ஒரு அம்மா மட்டும், "உடைஞ்ச வளையலை வாசல்ல கட்டலாமா?"ன்னு கேட்டாங்க. எங்க தாத்தா போனப்போ அம்மிச்சி கையில் உடைச்ச வளையலில்தான் அந்தத் தோரணமே செஞ்சாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு ரெண்டு வாங்கிட்டுப் போனாங்க.

உடைஞ்ச வளையல் இருந்தா அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. பிளாஸ்டிக் வேண்டாமுங்க.