விழிப்பா? பீதியா?

நோய்ச் செய்திகளால் மக்களிடம் வளர்வது பீதியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "பத்திரிகை சொல்லலைன்னா நமக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. சொல்ல வேண்டாம்னு நாங்க சொல்லலையே அம்மா! அளந்து சொல்லுங்கன்னுதான் சொல்றோம். எங்க வீட்ல ஒரு முட்டை படுகிற பாடு இருக்கே! "மஞ்சள் கருவைத் தொடாதே"ன்னு ஒரு நாள் செய்தி. "தினம் ஒரு முட்டை சாப்பிடு"ன்னு இன்னொரு நாள் செய்தி. இப்பல்லாம் என் மனைவி ஆம்லெட் ஊத்தறதுக்கு முன்னால, "இன்னிக்கு பேப்பர் வந்துடுச்சா?"ன்னு கேக்கறாங்க! (சிரிப்பு)

சிரிச்சுட்டோம். சிரிக்க முடியாத கதை ஒண்ணு சொல்றேன். 1995 அக்டோபர், இங்கிலாந்து. சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்கு என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாத்துலயும் அதே பேச்சு. பயந்துபோய் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்திட்டாங்க.

அந்த இரு மடங்கு எவ்வளவு தெரியுமா? பழைய மாத்திரையில் 7,000 பேரில் ஒருத்தருக்கு. புதிய மாத்திரையில் 7,000 பேரில் ரெண்டு பேருக்கு. நடுவர் அவர்களே, ஒண்ணு ரெண்டானாலும் இரு மடங்குதான். ஆயிரம் ரெண்டாயிரமானாலும் இரு மடங்குதான்! சொன்னது பொய்யில்லை. 'எத்தனை பேரில்' என்பதை விட்டுட்டாங்க. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக நடந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 என்று பிறகு கணக்கிட்டார்கள். இன்னொரு கொடுமை, கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையை விட அதிகம். எதுக்குப் பயந்து ஓடினாங்களோ, அது வாயிலேயே போய் விழுந்தாங்க!

"தப்பா வந்தா மறுப்பு போடுறாங்களே"ன்னு எதிரணித் தலைவர் சொன்னார். ஐயா, மறுப்பு எப்ப வரும்? தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது 1998-ல். பார்த்தது மொத்தம் 12 குழந்தைகளை. அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2010-ல். பயம் பரவ ஒரு நாள், மறுப்பு வர 12 வருஷம்! (கைதட்டல்)

நம்ம ஊருக்கு வாங்க. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. பெத்தவங்க தயங்கினாங்க. முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டி வந்தது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கிற பிள்ளைக்குக் கண், காது, இதயம் பழுதாகலாம். நாளைக்குத் தாயாகப் போகிற பெண் குழந்தைக்குப் போடுகிற ஊசியைத்தானே தடுத்தாங்க?

இதையெல்லாம் பார்த்துட்டு, "எல்லாம் சும்மா கதை"ன்னு ஒதுக்கிடலாமா? அங்கேதான் பெரிய ஆபத்து. 'புலி வருது, புலி வருது' கதை தெரியுமில்லையா? ஒரு நாள் நிஜப் புலியே வந்தது. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த எச்சரிக்கை உண்மை, உயிர் காக்கிற எச்சரிக்கை. தினம் தினம் புலி புலின்னு கத்தினா, இப்படிப்பட்ட நாளில் யார் திரும்பிப் பார்ப்பாங்க? பீதி முதலில் நிம்மதியைத் தின்னும். அப்புறம் நம்பிக்கையைத் தின்னும்.

ஆகவே பெருமக்களே, அடுத்த முறை செய்தி வந்தா மூணு கேள்வி கேளுங்க. ஆபத்து யாருக்கு? எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? சொன்னது யார்? இந்த மூணுக்கும் பதில் இருந்தா அது விழிப்பு. பதில் இல்லாம குரல் மட்டும் உசந்தா அது பீதி. இன்றைக்கு அதிகமாய்க் கேட்பது உசந்த குரல்தான் என்பதால், தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் என்று நடுவரைக் கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)